வாரத்தில் ஒரு பிற்பகல்



நல்ல சமாரியனுடைய உவமையைக் கேளாதவர் நம்மில் ஒருவரும் இரார். ஞானோபதேச வகுப்பில் கேட்டிருக்கிறோம். பிரசங்கத்திலே எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனபடியால் அதிலே இருக்கிற முள் இப்பொழுது நம்மைக் குத்துகிறதில்லை. எரிக்கோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் ஒதுங்கிப் போன இருவரும் யார்? தேவாலய ஊழியத்தில் இருந்தவர்கள். நின்று, குனிந்து, காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டினவன் யார்? தேவாலயத்துக்குப் புறம்பானவன், யூதர் கண்ணுக்கு அன்னியன். சேசுநாதர் சுவாமி இந்தக் கதையைத் தேவாலயத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தே சொன்னார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த வாரம் புற்றுநோய்க்காரருக்குத் தொண்டு செய்கிறவர்களைப் பற்றி எழுத எண்ணினோம். அவர்களை இந்த வேலைக்கு ஏவுவது எது, ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள், எதை நாடி உழைக்கிறார்கள் என்று யோசித்தபோது, முதலில் நினைவுக்கு வந்தவர் நம்முடைய புதுக்கோட்டையிலேயே பிறந்த ஓர் அம்மையார். அவர் கத்தோலிக்கர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். ஆனபடியால்தான் சமாரியனை முன்னே நிறுத்தினோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தவர். பெண்பிள்ளைகளைப் பூப்பெய்தியவுடன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய காலம் அது. அவர் மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது, ஆண்பிள்ளைகளோடு ஒரு பெண் உட்கார்ந்தால் ஒழுக்கம் என்னாவது என்று ஊரில் கூச்சல் கிளம்பிற்று. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் உத்தரவு கொடுத்த பிறகே அவருக்கு அங்கே இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் வைத்தியராக வெளியே வந்தார். பின்பு சட்டசபையில் உபதலைவராயிருந்ததும், தேவதாசி வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டதும், திக்கற்ற பெண்களுக்கென்று ஔவை இல்லத்தை ஏற்படுத்தியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி. நாம் இங்கே நின்று பார்க்கவேண்டியது ஒரு கட்டிலண்டையில் நடந்த காரியம்.

அவருடைய தங்கைக்கு வியாதி கண்டது. இரத்தமும் சீதமுமாய்ப் போயிற்று. வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி அதற்கான மருந்தே கொடுக்கப்பட்டு வந்தது. உள்ளே இருந்ததோ குடலின் அடியில் புற்று. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துபோயிருந்தது. 1923-ம் ஆண்டு அந்தத் தங்கை இறந்தார். படித்த வைத்தியர் ஒருவர், பெயர் பெற்ற வைத்தியர், தம் உடன்பிறந்தவள் அணு அணுவாய் உருகிப்போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரியமானவர்களே, இப்படிப்பட்ட துக்கம் நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. வந்தபோது நாம் என்ன செய்கிறோம்? அழுகிறோம். முப்பதாம் நாள் பூசை வைக்கிறோம். படம் மாட்டி மாலை போடுகிறோம். ஆத்துமத்துக்காக ஒப்புக்கொடுக்கிற பூசை பெரிய உபகாரந்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடப் பூசையோடு துக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அம்மையார் பூட்டவில்லை. இந்த வியாதிக்கென்று நம் நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணத்தை அந்தச் சாவிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். 1925-ல் இலண்டனுக்குப் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்தார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் எண்ணத்தை வெளிப்படையாய்ச் சொன்னார். கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த வியாதி வந்தவர் எப்படியும் சாகப் போகிறவர், அவருக்காகப் பணத்தைக் கொட்டுவானேன் என்பது அந்நாளில் பெரிய மனிதர்களுக்கும் இருந்த நினைப்பு. அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பேரால் நிவாரண நிதி திரட்டினார். 1952-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரதமர் நேரு அடையாறில் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இருந்த கட்டில்கள் 12. அம்மையாருக்கு அப்போது வயது 67. தங்கை இறந்து 31 வருடம் சென்றிருந்தது.

31 வருடம்! கெபி கட்ட நன்கொடை கேட்டு இரண்டாம் மாதத்திலேயே சலித்து உட்கார்ந்துவிடுகிற நம்முடைய கமிட்டிக்காரர் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்களாக.

அந்த ஆஸ்பத்திரியை அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தாங்கி நடத்தினார்கள். சாந்தா அம்மையார் முதல் மூன்று வருடம் சம்பளமின்றி வேலை செய்தார். ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே குடியிருந்து, விவாகம் செய்துகொள்ளாமல், 2021-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி 93-ம் வயதில் இறக்கும்வரை நோயாளிகளோடேயே இருந்தார். கன்னியர் மடத்தின் வார்த்தைப்பாடு ஏதும் கொடாமலே ஒரு பெண் இப்படி ஜீவித்தார் என்பதை நம் கன்னியாஸ்திரிமாரும் நாமும் சேர்ந்து தியானிக்கலாம்.

“அவர்கள் வைத்தியர்கள், சுவாமி. நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதற்கு நியூயார்க் பட்டணத்திலிருந்து ஒரு பதில் உண்டு.

ரோஸ் ஹாதார்ன் என்பவர் பேர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்னின் மகள், 1851-ல் பிறந்தவர். கதையும் கவிதையும் எழுதுவார். ஒரே பிள்ளை, நாலு வயதில் செத்தது. 1891-ல் சத்திய வேதத்தில் சேர்ந்தார். ஏழைத் தையற்காரி ஒருத்திக்குப் புற்றுநோய் வந்து, இனி குணமாகாதென்று தெரிந்ததும், வேறு புகலிடமில்லாமல் ஏழைகளை அடைத்து வைக்கும் தீவுக்கு அனுப்பப்பட்டாள் என்று கேள்விப்பட்டார். அது அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. 1896-ல், நாற்பத்தைந்து வயதில், ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் புண் கழுவிக் கட்டப் பழகிக்கொண்டு, பட்டணத்தின் ஏழைத் தெருவில் சிறு வீடொன்றை வாடகைக்குப் பிடித்தார். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் பயந்த காலம். அவரோ கையாலேயே கழுவினார், கூடவே உறங்கினார். நோயாளியிடத்திலும் அவர்கள் உறவினரிடத்திலும் ஒரு காசும் வாங்குகிறதில்லை என்று சட்டம் வைத்தார். 1900-ல் அது சாமிநாதர் சபையைச் சார்ந்த கன்னியர் சபையாயிற்று. 1926-ல் இறந்த அவரைத் திருச்சபை 2024-ல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது.

ஆனால் நாம் சொல்ல வந்தது அவருடைய முதல் துணைவியைப் பற்றி. ஆலிஸ் ஹூபர் என்ற பெண், படம் எழுதுகிறவர். இந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு 1897-ம் ஆண்டு கடைசியில் பார்க்க வந்தார். உள்ளே நுழைந்ததும் நாற்றமும் அழுக்கும் அவருக்குக் குமட்டலை உண்டாக்கின. ஓடிப்போயிருக்கலாம். “வாரத்தில் ஒரு பிற்பகல் வருகிறேன்” என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். சில மாதம் சென்றபின் அங்கேயே குடிவந்தார். சாகும்வரை அந்த வேலையில் இருந்தார். எல்லாரும் குடிவர வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஒரு பிற்பகல் எல்லாருக்கும் உண்டு.

நம் பங்கில் மரியாயின் சேனை இருக்கிறது. 1921-ல் டப்ளின் பட்டணத்தில் அந்தச் சேனை தொடங்கினபோது, அதன் அங்கத்தினர் இருவர் இருவராய்ச் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஏழைகள் ஆஸ்பத்திரியில் வியாதிக்காரப் பெண்களைப் போய்ப் பார்த்தது. கொடி பிடிப்பதெல்லாம் பின்னால் வந்தது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். சில காரியங்களை இங்கே கூச்சமின்றி எழுதவேண்டியிருக்கிறது, தாய்மார் பொறுத்துக்கொள்வார்களாக. நம் ஊர்ப்புறத்திலே இந்த வியாதியால் சாகிறவர்களில் பலர் வியாதியால் மட்டும் சாகிறதில்லை. மறைப்பதனால் சாகிறார்கள். மார்பில் ஒரு கட்டி, வலியில்லை. வலியில்லாதபடியால் சொல்லவில்லை. சொன்னால் மகளுடைய கலியாணம் தடைப்படும் என்ற பயம். தீட்டு நின்றுபோய் வருடங்கள் ஆனபின் மறுபடி உதிரம் காண்கிறது. யாரிடம் போய்ச் சொல்லுவது என்ற வெட்கம். புகையிலை போடுகிறவருக்கு வாயில் ஒரு புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. சூடு என்று எண்ணி மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். மலத்தில் இரத்தம் போகிறது. மூலம் என்று தானே தீர்மானித்துக்கொள்கிறார். அந்தத் தங்கையின் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். இந்த அடையாளங்கள் எல்லாம் புற்றாகத்தான் இருக்கும் என்பதில்லை. வைத்தியர் பார்த்து, அதுவல்ல என்று சொன்னால் சந்தோஷமாய் வீட்டுக்கு வரலாம். அதுவென்றால், சீக்கிரம் கண்டதினாலேயே குணமாகக் கூடியவை உண்டு. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மார்புக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் இலவசமாய்ச் சோதனை செய்கிறார்கள். புதுக்கோட்டையில் 2017 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஏழைகள் மேல்வைத்தியத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி பெறலாம். இவ்வளவும் இருந்தும் வெட்கத்தினால் ஒரு தாய் செத்துப்போவாளானால் அந்த வெட்கத்துக்கு நாமெல்லாரும் பங்காளிகள். வியாதிக்காரியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைத்தது யார்? இது ஒட்டுகிற நோயல்ல என்று எத்தனை தரம் சொல்லியும், சமாதானம் சொல்லும்போது கைகொடுக்கப் பின்வாங்கியது யார்?

இன்னும் சிலர், “என்ன பாவம் செய்தாளோ” என்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி அப்போஸ்தலர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவன் செய்ததும் இல்லை, அவனைப் பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்று ஆண்டவர் அந்தக் கேள்வியின் வாயை அடைத்துவிட்டார். அடைத்த வாயை நாம் திறக்க வேண்டாம்.

நேர்ச்சை பற்றியும் ஒரு வார்த்தை. வேளாங்கண்ணித் தாயிடம் போங்கள். வேண்டாம் என்று எந்தக் குருவானவரும் சொல்லமாட்டார். ஆனால் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தியத்தை ஆறு மாதம் தள்ளிவைப்பது பக்தியாகாது. புற்றுநோய்க்காரருக்குப் பாதுகாவலராகிய அர்ச். பெரெகிரினூஸ், 1345-ல் மரித்த இத்தாலிய தேசத்துக் குருவானவர். காலில் புற்று வைத்து, மறுநாள் காலை வெட்டி எடுப்பதாய் வைத்தியர் சொல்லியிருந்தார். முந்தின இரவு பாடுபட்ட சுரூபத்துக்கு முன்பாய்த் தவழ்ந்து போய் ஜெபித்தார். காலையில் கால் சொஸ்தமாயிருந்தது. இதைச் சொல்லுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அவர் ஜெபித்தது வைத்தியருக்குச் சம்மதம் கொடுத்த பிறகு.

வலியைப் பற்றி நல்ல கிறிஸ்தவர்களிடையேயும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வலி தணிக்கும் மருந்தை வாங்கிக்கொண்டால் பாடுகளின் பேறு போய்விடும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவர்கள் உண்டு. பெற்றவரை அப்படிக் கிடத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் உண்டு. 1957-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பரிசுத்த பிதா பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்குப் பதிலளித்தபோது, தாங்கமுடியாத வேதனையை மருந்தினால் தணித்துக்கொள்ளக் கிறிஸ்தவனுக்குத் தடையில்லை என்று தெளிவாய்ச் சொல்லியிருக்கிறார். தாமாக மனமுவந்து ஒருவர் வலியை ஒப்புக்கொடுத்தால் அது அவருக்கும் சர்வேசுரனுக்கும் உள்ள காரியம். மற்றவர் வலியை ஒப்புக்கொடுக்க நமக்கு அதிகாரமில்லை.

இப்போது, போய்ப் பார்ப்பது எப்படி? யோபுவின் சிநேகிதர் மூவர் அவனைப் பார்க்க வந்தார்கள். ஏழு நாள் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நன்றாய்த்தான் இருந்தது. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள்; கெட்டது காரியம்! நம் ஊர்ச் சந்திப்புகளில் பெரும்பாலும் எட்டாம் நாளே முதலில் வந்துவிடுகிறது. “டாக்டர் எத்தனை மாதம் சொன்னார்?” “எங்கள் சின்னம்மாவுக்கும் இதேதான், இரண்டு மாதத்தில் போய்விட்டாள்.” “ஒரு வேர் இருக்கிறது, பசும்பாலில் அரைத்துக் குடித்தால்...” இப்படிப்பட்ட ஆறுதலைப் பெற்ற நோயாளி, நாம் தெருத் திரும்புமுன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

உங்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஏதாவது இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு போங்கள். பூக்கட்டத் தெரிந்தவர் பூவும் நாருமாய்ப் போய் அங்கே உட்கார்ந்து கட்டட்டும். குரல் உள்ளவர் மெதுவாய் ஒரு மாதா பாட்டுப் பாடட்டும். செய்தித்தாள் வாசிக்கிறவர் ஊர்ச்சங்கதியை உரக்க வாசிக்கட்டும். அரசியலில் இரண்டு வார்த்தை சண்டை போட்டாலும் பாதகமில்லை, நோயாளிக்கு இரத்தம் சூடேறினால் நல்லதுதான். தாயம் உருட்டுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள். தையல் தெரிந்தவர், மார்பு அறுவை ஆன சகோதரிக்குப் புண்ணில் உரசாத தளர்ந்த ரவிக்கை தைத்துக் கொடுக்கலாம். எந்தப் பிரசங்கத்தையும்விட அது பெரியது. ஒன்றும் தெரியாதவர் என்று யாராவது இருந்தால், அவர் வீட்டிலிருக்கிற மருமகளையோ பிள்ளையையோ பார்த்து, “நீ இரண்டு மணி நேரம் போய்த் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லட்டும். மாதக்கணக்காய்த் தூங்காத கண்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் எப்பேர்ப்பட்டதென்று தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. சென்னைக்கு இராத்திரி ரயிலேறி வைத்தியத்துக்குப் போகிற ஏழைக்குத் துணையாகச் செல்ல ஒரு வாலிபன் முன்வந்தால், நான்கு நாள் கூலியை வின்சென்ட் தே பவுல் சபையார் அவன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது பெரிய காரியமாகாது.

புண் கழுவுவது எல்லாராலும் ஆகாது, குமட்டினால் பாவமில்லை. ஆலிஸ் அம்மாளுக்கும் குமட்டிற்று.

கடைசியாய், குருவானவரைக் கூப்பிடுகிற காரியம். “சாமியார் வந்தால் முடிந்துபோயிற்று என்று நோயாளி பயந்துவிடுவார்” என்று சொல்லி, மூச்சு இழுக்கும்போது ஆளனுப்புகிறீர்கள். அவஸ்தைப்பூசுதல் என்று நாம் அழைத்துவந்த தேவதிரவிய அநுமானம் சாகப் போகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1972-ல் பரிசுத்த பிதா ஆறாம் சின்னப்பர் அதன் முறையைத் திருத்தி, கடுமையான வியாதியில் விழுந்தவருக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கலாம் என்று ஏற்படுத்தியிருக்கிறார். ஆகையால் இப்போது அதை நோயில் பூசுதல் என்று சொல்லுகிறோம். அறுவைக்கு முன் வந்து பெற்றுக்கொள்ளலாம். வியாதி மறுபடி கடுமையானால் மறுபடியும் பெறலாம். தெளிந்த புத்தியோடு பாவசங்கீர்த்தனம் செய்து, தன் வாயாலே ஆமென் சொல்லி எண்ணெய் பூசிக்கொள்கிற நோயாளியின் முகத்தில் வருகிற அமைதியைப் பார்த்தவர்கள், பிறகு ஒருநாளும் ஆளனுப்பத் தாமதிக்கமாட்டார்கள். நற்கருணை வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். வீடு பெருக்கவில்லை, விரிப்பு இல்லை என்று கூசவேண்டாம்.

நம் பங்கின் கிராமங்களையும் சேர்த்து, இந்த வியாதியோடு இருக்கிறவர்கள் நமக்குத் தெரிந்து சிலர், தெரியாமல் பலர். வாரத்தில் ஒரு பிற்பகல் கொடுக்க விரும்புகிறவர்கள், ஆணோ பெண்ணோ, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் பேர் கொடுக்கலாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவும். நோயாளி இருக்கிற வீட்டார் பங்குக்குருவிடம் நேரில் வந்தோ, பிள்ளைகள் மூலம் சீட்டு அனுப்பியோ தெரியப்படுத்தலாம். அந்தப் பேர்கள் பீடத்தில் வாசிக்கப்படமாட்டா. போகிறவருக்கும் குருவானவருக்கும் அன்றி வேறொருவருக்கும் தெரியவராது.